செய்தியில் வருகிற ‘அமைதி’ யாருடைய அமைதி?

தமிழ்ச் செய்திகளை ஒரு வாரம் விடாமல் படித்துப் பாருங்கள், ‘அமைதி’ என்ற சொல் கண்ணில் படாத நாளே இருக்காது. வாக்குப்பதிவு அமைதியாக முடிந்தது. தாசில்தார் தலைமையில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. தலைவரின் நினைவிடத்துக்கு அமைதிப் பேரணி போனது. இந்த விவகாரத்தில் அமைச்சர் அமைதி காக்கிறார். ஐ.நா. அமைதிப்படை போய் இறங்கியது. எல்லையில் அமைதி திரும்பியது. சொல் ஒன்றுதான், ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் அது செய்கிற வேலை வேறு.

நான் யாங்கோனில் இருக்கிறேன். எங்கள் பெரியவர்கள் இன்னும் ரங்கூன் என்றுதான் சொல்வார்கள். தமிழ்நாட்டுச் செய்தி, இலங்கைச் செய்தி, பர்மியச் செய்தி மூன்றையும் ஒரே போனில் மாற்றி மாற்றிப் படிக்கிற வாழ்க்கை இங்கே பலருக்கும் உண்டு, எனக்கும் அப்படித்தான். அதனால் இந்தச் சொல் எனக்கு வெறும் சொல் இல்லை. எங்கள் நாட்டை ஆண்டவர்கள் தங்கள் ஆட்சிக்கே இந்தச் சொல்லைப் பெயராக வைத்துக்கொண்டார்கள். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன், முதலில் தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்த்துவிடலாம்.

“வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது” என்பதில் சிக்கல் ஒன்றும் இல்லை. வாக்குச்சாவடி என்றைக்கும் சத்தமில்லாத இடமாக இருந்தது கிடையாது, வரிசையில் நிற்பவர்கள் வெயிலைத் திட்டுவார்கள், குழந்தை அழும், பூத் ஏஜெண்டுகள் பட்டியலைப் பார்த்துச் சண்டை பிடிப்பார்கள். அடிதடி இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடவில்லை என்பதுதான் அங்கே அமைதிக்குப் பொருள். படிக்கிற எல்லோருக்கும் அது புரிந்துவிடும்.

அமைதிப் பேரணி கொஞ்சம் வேறு. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாளில் சென்னையில் தி.மு.க.வினர் போவது அமைதிப் பேரணி. கோஷம் கிடையாது, துக்கத்தில் வாய் மூடி நடக்கிறார்கள், அங்கே அமைதி என்றால் மௌனம். இதே ‘அமைதிப் பேரணி’ என்ற பெயரில் போர் வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போகிறவர்களைப் பற்றியும் செய்தி வரும். தலைப்பை மட்டும் படித்தால் ஊர்வலத்தில் சத்தம் இருந்ததா இல்லையா என்றே தெரியாது. இருந்தாலும் இதுவும் பெரிய குறை இல்லை, உள்ளே நாலு வரி படித்தால் விளங்கிவிடும்.

எனக்கு நெருடுவது அந்தத் தாசில்தார் ஆபீஸ் செய்திதான். திருவிழா வருகிறது, தேர் எந்தத் தெரு வழியாகப் போவது, முதல் மரியாதை யாருக்கு, இந்தத் தெருக்காரர்கள் கோயிலுக்குள் வரலாமா கூடாதா என்று இரண்டு தரப்புக்கும் முட்டிக்கொள்கிறது. இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசி ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். செய்தியில் “அமைதிப் பேச்சுவார்த்தையில் சுமுக உடன்பாடு எட்டப்பட்டது” என்று வருகிறது. என்ன உடன்பாடு? யார் எதை விட்டுக்கொடுத்தார்கள்? கோயிலுக்குள் வர வேண்டும் என்று கேட்டவர்கள் வந்தார்களா, அல்லது “இந்த வருஷம் பொறுத்துக்கோங்க” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்களா? பல செய்திகளில் அந்த ஒரு வரிதான் இருக்காது. உரிமை கேட்டவர் கேட்காமல் இருக்க ஒப்புக்கொண்டதற்கும் அமைதி என்று பெயர், கேட்டது கிடைத்ததற்கும் அமைதி என்றே பெயர். இரண்டையும் ஒரே சொல்லில் எழுதினால் அந்தச் செய்தி பொய் இல்லைதான், ஆனால் படிப்பவருக்குத் தெரிய வேண்டியது தெரியாமலே போகிறது.

“தமிழகம் அமைதிப் பூங்காவாகத் திகழ்கிறது” என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அந்தக் கட்சி சொல்கிற வாக்கியம் அது, எதிர்க்கட்சியாக மாறிய மறுநாளே “அமைதிப் பூங்காவாக இருந்த தமிழகம்” என்று இறந்த காலத்துக்குப் போய்விடும். பேசுபவர்கள் பேசட்டும். மேற்கோள் குறி இல்லாமல் அதையே செய்தியாளர் தன் சொந்த வாக்கியமாக எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

சட்டத்தில் வருகிற அமைதி இன்னொரு வகை. “பொது அமைதிக்குக் குந்தகம் விளைவித்ததாக வழக்கு” என்று படித்திருப்பீர்கள். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பொது அமைதிக்கு எதிரான குற்றங்கள் என்று ஒரு அத்தியாயமே உண்டு, எட்டாவது அத்தியாயம். அப்போது பர்மாவின் ஒரு பகுதி பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்திருந்தது. 1937இல்தான் பர்மா தனியாகப் பிரிந்தது. ஆகவே அந்தச் சட்டம் இங்கேயும் அப்படியே தங்கிவிட்டது, அத்தியாய எண் கூட மாறவில்லை. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது, இங்கே பழையதுதான். அதோடு சேர்ந்து வந்தது குற்றவியல் நடைமுறைச் சட்டம், அதில் வருகிற 144 தடை உத்தரவு என்றால் மதுரைக்காரருக்கும் தெரியும், யாங்கோன்காரருக்கும் தெரியும். ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரியில் யாங்கோனிலும் மண்டலேயிலும் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது, இரவு எட்டு மணியிலிருந்து விடியற்காலை நாலு வரை வெளியே வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்களே, அதுவும் இதே 144தான். அந்தச் சட்டத்தின் கண்ணில் நாலு பேர் சேர்ந்து தெருவில் நின்று பேசாமல் இருப்பதே பொது அமைதி. வீட்டுக்குள் இருப்பவர் தூங்குகிறாரா, பயந்து விழித்திருக்கிறாரா என்பது அதற்குத் தேவையில்லாத விஷயம்.

இனி எங்கள் ஊர்க் கதை.

1988 செப்டம்பர் 18 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அமைத்த குழுவின் பர்மியப் பெயரில் ‘ஞெய்ன்வுட் பிப்யா’ என்று வரும். சட்டம் ஒழுங்கு என்று மொழிபெயர்ப்பார்கள். பர்மிய மொழி தெரிந்தவர்களுக்கு அதில் அசையாமல் பதுங்கிப் படுத்துக் கிடப்பது என்ற சாயலும் காதில் விழும். மக்கள் அதைச் சுருக்கி ‘நவத’ என்று சொன்னார்கள். 1997 நவம்பர் 15 அன்று பெயரை மாற்றினார்கள். இந்த முறை ‘ஏச்சான்’ என்ற சொல் வந்தது. ‘ஏ’ என்றால் குளிர்ச்சி, ‘ஏச்சான்’ என்றால் மனம் குளிர்ந்த, நிம்மதியான நிலை. நாட்டு அமைதி மற்றும் வளர்ச்சிக் கவுன்சில் என்று தமிழில் எழுதலாம். ஆட்சி அதே ராணுவ ஆட்சிதான், பெயர்ப் பலகையில் மட்டும் அமைதி வந்து உட்கார்ந்துகொண்டது. 2011 மார்ச் வரை அந்தப் பெயர் இருந்தது. பிறகு 2021 பிப்ரவரி 1 அன்று மறுபடியும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அப்போது அமைத்த ஆட்சிக் குழுவை 2025 ஜூலை 31 அன்று கலைத்துவிட்டு வேறொன்றை அமைத்தார்கள், அதற்குப் பாதுகாப்பு மற்றும் அமைதி ஆணையம் என்று பெயர். மறுபடியும் அதே சொல்.

தமிழ்நாட்டில் ஒருவர் செய்தியில் ‘மியான்மர் அமைதி ஆணையம் அறிவிப்பு’ என்று படித்தால் என்ன நினைப்பார்? சண்டை போடுகிற இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து சமரசம் பேசுகிற பெரிய மனிதர்கள் சிலரைத்தான் நினைப்பார். சண்டையில் ஒரு தரப்பே அதுதான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு அமைப்பு தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயரை எழுத வேண்டியதுதான், அது செய்தியாளர் கடமை. ஆனால் பக்கத்திலேயே ‘ராணுவ ஆட்சிக் குழு’ என்று இரண்டு சொல் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? பெயர் என்பது அவர்கள் சொல்வது, விளக்கம் என்பது நாம் சொல்வது. விளக்கத்தை விட்டுவிட்டால் அவர்கள் சொல்வதை நம் வாயால் சொன்னதாக ஆகிறது.

அமைதிப்படை என்ற சொல்லிலும் இதே சங்கதி உண்டு. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைக்குப் போன இந்தியப் படைக்குப் பெயர் இந்திய அமைதி காக்கும் படை. அதே வருஷம் அக்டோபரில் அந்தப் படை யாழ்ப்பாணத்தில் போரே நடத்தியது. 1990 மார்ச்சில் திரும்பிப் போகும் வரைக்கும், ஏன், இன்று வரைக்கும் செய்திகளில் அது ‘அமைதிப்படை’தான். ‘அமைதிப்படையின் ஷெல் வீச்சில்’ என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கவேண்டி வந்த ஈழத்துப் பத்திரிகைக்காரர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கனக்கிறது. பெயரும் வினையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற அந்த வாக்கியத்தை அவர்கள் தினமும் எழுதினார்கள்.

இலங்கைத் தமிழில் ஒரு நல்ல விஷயம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே போர் நின்று பேசுவதற்குச் சமாதானம் என்பார்கள். சமாதானப் பேச்சுவார்த்தை, சமாதான காலம். 2002 பிப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு வந்த சில வருஷங்களை அங்குள்ளவர்கள் இன்றும் ‘சமாதான காலம்’ என்றே நினைவுகூர்வார்கள். சத்தமில்லாமல் இருப்பதற்கு அமைதி, சண்டையில்லாமல் இருப்பதற்குச் சமாதானம், ஓரளவுக்காவது இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. உலக சமாதானம், சமாதானப் புறா, மௌன ஊர்வலம், நிசப்தம், சாந்தி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சொல் பழைய பத்திரிகைகளில் உண்டு. வடசொற்களைக் குறைத்து எழுதத் தொடங்கியபோது இவற்றில் பலவற்றின் இடத்துக்கு அமைதி ஒன்றே வந்து சேர்ந்தது. தமிழ்ச் சொல்லை எடுத்தது தவறு என்று நான் சொல்லவே மாட்டேன், பர்மாவில் தமிழைக் காப்பாற்ற நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத் தெரியும். ஆனால் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? பேசாமை, உடன்பாடு, போர்நிறுத்தம், நிம்மதி, இணக்கம், அடக்கம், சந்தடியின்மை எல்லாம் இருக்கின்றன. அத்தனை பேரையும் உட்கார வைத்துவிட்டு ஒரு ஆளையே எல்லா வேலைக்கும் அனுப்பினால் எந்த வேலையும் உருப்படியாக நடக்காது.

சொல்லின் வேரைப் பார்த்தால் இன்னும் வருத்தமாக இருக்கும். ‘அமை’ என்றால் பொருந்துவது, ஒரு இடத்தில் சரியாக உட்காருவது. தமிழ் இலக்கணத்தில் வழுவமைதி என்று ஒன்று படித்திருப்போம். பசுவை “என் அம்மை வந்தாள்” என்று சொன்னால் திணை தவறுகிறது, ஆனால் அன்பினால் சொன்னது என்று ஏற்றுக்கொள்கிறார்கள். தவறுதான் என்று தெரிந்து, காரணத்தைச் சொல்லி, அதற்கும் ஒரு இடம் கொடுப்பது, அதற்குப் பெயர் அமைதி. இரண்டு பக்கமும் பேசி முடித்துப் பொருந்தி உட்காருவதைக் குறிக்கிற அருமையான சொல் இது. வாயை மூடிக்கொண்டிரு என்ற பொருளுக்கே இதைச் செலவழிப்பது எனக்கு மனசாகவில்லை.

2021 மார்ச் 24 அன்று நடந்ததைச் சொன்னால் நான் எங்கே வருகிறேன் என்று புரியும். அன்றைக்கு நாடு முழுக்க மக்கள் யாரும் வெளியே வரவில்லை. போராட்டமே அதுதான். காலையில் எங்கள் தெரு முனையில் மொய்ங்கா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) அண்டாவை இறக்கி வைக்கிற அம்மா வரவில்லை, வெற்றிலைக் கடைப் பலகை மூடியே இருந்தது, டீக்கடையின் குட்டி ஸ்டூல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியபடி கிடந்தன. அனோரத்தா சாலையில் டாக்சி கிடையாது, சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் கூடக் கிடையாது. மாடியில் நின்று பார்த்தால் அடுத்த தெருவில் நாய் குரைப்பது வரைக்கும் கேட்டது. யாங்கோனில் பகல் பதினொரு மணிக்கு அப்படி ஒரு நிலையை என் வயதுக்காரர்கள் யாரும் பார்த்ததில்லை.

அதற்கு முந்தைய வாரங்களில் ஒவ்வொரு இரவும் எட்டு மணிக்கு ஊரே சட்டி பானையைத் தட்டும். பர்மியர் வழக்கத்தில் அது கெட்ட ஆவியை விரட்டுகிற சத்தம். ஆட்சியைப் பிடித்த மறுநாளே, அதாவது பிப்ரவரி 2 இரவே அது தொடங்கிவிட்டது. தட்டுவதும் போராட்டம், தட்டாமல் கதவை மூடிக்கொள்வதும் போராட்டம்.

இதைத் தமிழில் எப்படி எழுதினார்கள் தெரியுமா? சிலர் ‘மௌனப் போராட்டம்’ என்று எழுதினார்கள், அது சரி. சிலர் ‘அமைதிப் போராட்டம்’ என்று எழுதினார்கள், அங்கேதான் விஷயம் குழம்பியது. ஏனென்றால் தமிழ்ச் செய்தியில் அமைதிப் போராட்டம் என்றால் ஆயுதம் எடுக்காத, கல் எறியாத போராட்டம் என்று பொருள். பிப்ரவரி மாதம் முழுக்க சூலே பகோடா முன்னால் ஆயிரக்கணக்கில் கூடிக் கோஷம் போட்டார்களே, அதுவும் அமைதிப் போராட்டம். மார்ச் 24 அன்று ஒரு ஆள் கூட இல்லாத அதே சாலையும் அமைதிப் போராட்டம். நேரெதிரான இரண்டு காட்சிக்கு ஒரே பெயர். ஒரு செய்தியில் ‘மியான்மரில் அமைதிப் போராட்டம்’ என்று தலைப்பும் அதன் கீழே வெறும் சாலைப் படமும் போட்டிருந்தார்கள். படிப்பவர் ‘போராட்டத்துக்கு ஆளே வரவில்லை போலிருக்கிறது’ என்றுதான் நினைத்திருப்பார்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. ஊரடங்கு நாட்களிலும் அதே சாலை, அதே வெறுமை. அதைப் பற்றி எழுதும்போதும் “யாங்கோன் நகரில் அமைதி நிலவுகிறது”தான். துப்பாக்கிக்குப் பயந்து மூடிய கதவும் துப்பாக்கியை எதிர்த்து மூடிய கதவும் படத்தில் ஒரே மாதிரி தெரியும். அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் செய்தியாளர் என்று ஒருவர் வேண்டியிருக்கிறது. ‘நிலவுகிறது’ என்ற வினையையும் கவனியுங்கள், யாரும் எதுவும் செய்யாமல், நிலா வெளிச்சம் மாதிரி தானாக வந்து படிந்தது போல அந்த அமைதியைக் காட்டிவிடுகிறது.

பர்மிய மொழி பேசுபவர்களுக்கு இந்த இடத்தில் குழப்பம் குறைவு. சத்தமில்லாமல் இருப்பதற்கு ‘தெய்ட்செய்ட்’. அசையாமல் அடங்கி இருப்பதற்கு ‘ஞெய்ன்’. நிம்மதியாக இருப்பதற்கு ‘ஏச்சான்’. போர் இல்லாத சமாதானத்துக்கு ‘ஞெய்ன்ச்சான்யே’, தீ அணைவதற்குச் சொல்கிற சொல்தான் அதன் முன்பாதி. பர்மிய மொழியிலும் ஆட்சியாளர்கள் இந்தச் சொற்களைத் தங்கள் வசதிக்கு வளைத்தார்கள், மேலே சொன்னேனே. ஆனாலும் கேட்பவருக்கு எந்த அமைதி என்று பிரித்துப் பார்க்கக் கையில் சொல் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் பர்மிய மொழியில் படிப்பவர்கள். வீட்டில் பேசுவது பாதி தமிழ், பாதி பர்மியம். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகட்டும் என்று செய்தித் தலைப்புகளைக் கொடுப்பேன். ‘அமைதி’ வருகிற தலைப்பு வந்தால் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: “ஸயாமா (டீச்சர்), இது ஏச்சானா, தெய்ட்செய்ட்டா?” எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்பார்களா என்று தெரியவில்லை, பழகிய சொல் என்று தாண்டிப் போய்விடுவார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழி இருப்பதால் நின்று கேட்கிறார்கள்.

அப்புறம் அதையே ஒரு பயிற்சியாக வைத்தேன். ‘அமைதி’ என்ற சொல்லே வராமல் அந்தச் செய்தியை மறுபடி எழுத வேண்டும், புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது, செய்திக்குள் இருக்கிற தகவலை வைத்தே எழுத வேண்டும். சில செய்திகளைச் சுலபமாக எழுதிவிட்டார்கள். “வாக்குப்பதிவின்போது எங்கும் அடிதடி நடக்கவில்லை.” “தொண்டர்கள் கோஷம் போடாமல் நினைவிடம் வரை நடந்தார்கள்.” “அமைச்சரிடம் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.” இந்த மூன்றாவதை எழுதியது ஏழாம் வகுப்புப் பிள்ளை. ‘அமைதி காத்தார்’ என்றபோது பெருந்தன்மையாகத் தெரிந்த ஆள், ‘பதில் சொல்லவில்லை’ என்றதும் வேறு ஆளாகத் தெரிந்தார், வகுப்பே கவனித்தது.

சில செய்திகளை எழுதவே முடியவில்லை. “எல்லைப் பகுதியில் அமைதி திரும்பியது” என்ற செய்தியை எடுத்துக்கொண்டு பெரிய பிள்ளைகள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கிச் சூடு நின்றதா? செய்தியில் இல்லை. ஓடிப்போனவர்கள் திரும்பி வந்தார்களா? அதுவும் இல்லை. பள்ளிக்கூடம் திறந்ததா? இல்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அந்த வாக்கியத்தில் மிச்சம் இருந்தது ‘எல்லைப் பகுதியில்’ என்பது மட்டும். செய்தியாளருக்குத் தகவல் கிடைக்கவில்லை, கிடைக்காத இடத்தை அந்தச் சொல்லை வைத்து அடைத்திருக்கிறார் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பகுதிக்கு யாரும் போக முடியவில்லை என்றால் போக முடியவில்லை என்றே எழுதலாமே, அதுவும் ஒரு தகவல்தானே.

இந்தக் கேள்விகளை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்றாலும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் பெரியப்பா. தட்டோன் பக்கத்துக் கிராமத்தில் வயல் வேலை பார்த்தவர், கரேன் மாநிலம் அங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. கண் மங்கிவிட்டதால் இப்போது எங்களோடு இருக்கிறார். கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து ஃபேன் போட்டுவிட்டு, போனில் வருகிற செய்திகளை வாசித்துக் காட்டுவேன். ஏதோ ஒரு ஊரில் அமைதி திரும்பியதாக வாசித்தால் உடனே கையைக் காட்டி நிறுத்துவார்.

“அது கிடக்கட்டும்மா. சந்தை கூடுச்சான்னு போட்டிருக்கானா?”

“அது போடல பெரியப்பா.”

“பஸ்ஸு ஓடுதா?”

“அதுவும் இல்ல.”

“அப்ப அவனுக்கு ஒண்ணும் தெரியல. அடுத்தத படி.”

அவருடைய வாழ்க்கையில் அமைதி வந்ததாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சி வந்தது, கடைகள் எல்லாம் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் ஐம்பது, நூறு ச்சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கப்பலேறி மெட்ராஸ் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் காலத்து வானொலியில் நாடு அமைதியாக இருக்கிறது என்றுதான் சொன்னார்களாம். அவர் நம்புவது சந்தையை மட்டும். சந்தை கூடினால் பக்கத்து ஊர்க்காரன் சாலையில் பயமில்லாமல் வருகிறான், காய்கறி பறிக்க ஆள் வயலில் இறங்குகிறது, பெண்கள் நகை போட்டுக்கொண்டு வெளியே வருகிறார்கள் என்று பொருள். ஒரு செய்தியாளர் பத்து அதிகாரிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட இது நம்பகமான தகவல்.

போர்நிறுத்தச் செய்திகளுக்கும் அவருடைய கேள்விகள்தான் பொருந்தும். 1994இல் வடக்கே கச்சின் இன மக்களின் ஆயுதக் குழுவான கச்சின் படையும் ராணுவமும் சண்டையை நிறுத்த ஒப்புக்கொண்டன. 2011 ஜூனில் மறுபடி சண்டை வெடித்தது. இடையில் போன 17 வருஷத்தைச் செய்திகள் அமைதி என்று எழுதின. ஆனால் அந்த 17 வருஷமும் இரண்டு பக்கமும் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை, சுடாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். பிறகு 2015 அக்டோபர் 15 அன்று நேபிடோவில் நாடு தழுவிய போர்நிறுத்த ஒப்பந்தத்தில் எட்டு அமைப்புகள் கையெழுத்திட்டன, 2018 பிப்ரவரியில் இன்னும் இரண்டு சேர்ந்தன. ‘மியான்மரில் அமைதி ஒப்பந்தம்’ என்று தமிழில் தலைப்பு வந்தது. கையெழுத்திடாதவர்களில் கச்சின் படையும் இருந்தது, ஆயுதக் குழுக்களிலேயே பெரியதான வா படையும் இருந்தது. போர்நிறுத்தம் வேறு, அமைதி வேறு. ஒன்று சுடுவதை நிறுத்துவது, அதற்குத் தேதி உண்டு, கையெழுத்து உண்டு. மற்றது அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை. நிலம் யாருக்கு, வரி யார் வாங்குவது, பிள்ளை எந்த மொழியில் படிப்பது என்று ஒவ்வொன்றாகப் பேசித் தீர்க்க வேண்டியவை அதற்குள் இருக்கின்றன. 2016 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய பாங்லோங் மாநாடு அதற்காகத்தான் கூடியது, 2020 ஆகஸ்ட் வரை நாலு முறை கூடிப் பேசினார்கள். அடுத்த பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்தது. கையெழுத்துப் போட்ட கரேன் அமைப்புக்கும் ராணுவத்துக்கும் இடையிலேயே மறுபடி போர்.

தமிழில் செய்தி எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்களிடம் நேராகவே கேட்கிறேன். ஏஜென்சி செய்தி அரை மணி நேரத்தில் தமிழில் வர வேண்டும் என்ற நெருக்கடி உங்களுக்கு இருப்பது தெரியும். ஆனாலும் போர்நிறுத்தம் என்றால் போர்நிறுத்தம் என்று எழுதுங்கள். ஆளே இல்லாத தெரு என்றால் ஆளில்லை என்று எழுதி, ஏன் ஆளில்லை என்று ஒரு வரி சேருங்கள். யாராவது பேச மறுத்தால் பேச மறுத்தார் என்று எழுதுங்கள். அதிகாரி ஒருவர் அமைதி திரும்பியது என்று சொன்னால் அவர் பெயரையும் பதவியையும் போட்டு அவர் சொன்னதாக எழுதுங்கள், சந்தையைப் பற்றியும் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.

இலங்கையில் இருப்பவர்களிடம் ஒன்று தெரிந்துகொள்ள ஆசை. அங்கே இப்போதும் பத்திரிகைகள் அமைதியையும் சமாதானத்தையும் பிரித்துத்தான் எழுதுகின்றனவா, அல்லது தமிழ்நாட்டு டிவி பார்த்துப் பார்த்து அங்கேயும் எல்லாம் அமைதி ஆகிவிட்டதா? மலேசியா, மொரீஷியஸ் பக்கம் எப்படி என்றும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அடுத்ததாக ‘இயல்பு நிலை’ என்ற சொல்லைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன், அது வருகிற தலைப்புகள் கண்ணில் பட்டால் அனுப்பி வையுங்கள்.